மாடாக நடித்தவர்கள் இருவர்

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முதுகு வலி குறைந்ததா? அம்மா கண்ணாடியை மாற்றினாளா, இல்லை பழையதையே துடைத்துத் துடைத்து ஊசி கோர்க்கிறாளா?

வேலை பழகிவிட்டது. பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில், நாள் முழுவதும் ஒரு வெள்ளையை இன்னொரு வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறேன். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் செய்கிற வேலை இதுதான் என்று தெருவில் விளக்க வேண்டாம். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டியதை முதலில் மனசுக்குள் எழுதிப் பார்த்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுகிறார்.

இனிதான் விஷயம். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். “ரப்பர் ரசிகர் சங்கம். ஞாயிறு மாலை, சலவைக் கடை மாடி. அறிவாளிகள் வர வேண்டாம்.” நம் சிரிப்பு நடிகர் ரப்பர்தான் மாமா! உடம்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பாரே, நாம் இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு டிவியில் பார்ப்போமே, அவரேதான். படியேறிப் போய் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபது பேர், இருபது பேரும் சண்டை. ரப்பர் நடித்ததிலேயே படு அபத்தமான படம் எது என்று இந்த வருடம் முடிவு செய்யப் போகிறார்கள். முன்மொழிகிறவர் எழுந்து நின்று தன் படத்துக்காக வாதாட வேண்டும். ஜெயித்த படத்தைத் தியேட்டரில் போடுவார்கள். ரப்பரே வந்து கூட உட்கார்ந்து பார்ப்பாராம். ஜெயித்தவர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

என் கேள்வி தயார். நம் ஊரில் எடுத்த ‘மாட்டு மேல் ஆணை’ படத்தில் அந்த மாட்டு வேஷத்தின் பின்பாதிக்குள் இருந்தது யார்? முப்பது வருடமாக நீங்கள் “நான்தான்” என்கிறீர்கள். தெரு முழுக்க உங்களைப் ‘பின்னங்கால்’ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறது. சலூன்காரர் ஒருநாளும் நம்பியதில்லை. அம்மாகூட உங்களுக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் காட்சி வந்தாலே தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள், நமக்கு ஒன்றும் கேட்காது. எல்லார் முன்னாலும் ரப்பர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். நான் மட்டும் எழுந்து நின்று பேசிவிட்டால் போதும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்

ஜூன் 20

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். முதுகு வலி இருக்கிறது, ஆனால் உன் கடிதம் வந்த அன்று இல்லை. உன் அம்மா கண்ணாடியை மாற்றவில்லை. கேட்டால் “ஊசிக்குத் தெரியுது” என்கிறாள்.

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கடிதத்தைப் படித்தேன். டியூபுக்குப் பதில் கையில் பசை தடவிக்கொண்டேன். ரப்பரை நேரில் பார்க்கப் போகிறாயா! சலூன்காரனிடம் சொன்னேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப இந்தப் பின்னங்காலோட கதை முடிஞ்சுது”ன்னு சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாட்டுப் போட்டிக்குக் கொண்டுவந்த மாடு ஓடிப்போக, இரண்டு திருட்டுப் பயல்கள் மாட்டுத்தோலுக்குள் புகுந்து நிற்கிறார்கள். ரப்பர் போலி மாட்டு டாக்டர். கழுத்தைத் தட்டுகிறார், நாக்கைப் பார்க்கிறார், பின்னால் வந்து வாலை இழுக்கிறார். விட்டேன் வலது காலால் ஒரு உதை! தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தார். அது கதையில் கிடையாது. உள்ளே கும்மிருட்டு, ஆனாலும் நான் கொஞ்சமும் பயப்படவில்லை.

இதையெல்லாம் அடித்துப் பேசு. அந்தச் சங்கத்தில் உன்னைவிடப் பெரிய ஆள் எவன்?

உன் மாமா

ஜூலை 6

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் அப்படியே என்று நம்புகிறேன்.

விளக்கை அணைத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிற நீங்கள் அந்த இருட்டுக்குள் தைரியமாக நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு ஞாயிறும் போனேன். இரண்டு ஞாயிறும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மாமா, என்ன மாதிரி சண்டை தெரியுமா! சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய படம் ‘கப்பலுக்கு ஜலதோஷம்’. கப்பல் தும்முகிற காட்சியை நடித்தே காட்டினார். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ‘டாக்டருக்கு ஊசி’ கட்சி. அதில் ரப்பர் ஒரே ஆளாக நோயாளி, நர்ஸ், கட்டில் மூன்றுமாக வருவதால் அதற்கு மேல் அபத்தம் உலகத்தில் கிடையாது என்கிறார். “கட்டில்லாம் ஒரு வேஷமா?” என்று டாக்டர் கேட்க, “உங்க கப்பல் மட்டும் என்ன, அரசியல்வாதியா?” என்று இவர் கேட்க, ஒரு பெண் பஸ் கண்டக்டர் விசில் ஊதித்தான் இருவரையும் உட்கார வைத்தார்.

பிறகு யார் எந்த வேஷத்தில் வந்தார்கள் என்ற பேச்சு வந்தது. ‘மாட்டு மேல் ஆணை’யின் டைட்டிலில் “மாடாக: இருவர்” என்று மட்டும்தான் இருக்கிறதாம். முன்பாதி ஒரு நாடகக்காரர், இப்போது இல்லை. பின்பாதி ஒரு சண்டைப் பயிற்சியாளர் என்கிறார் டாக்டர். டைரக்டரின் மச்சான் என்கிறார் மெக்கானிக். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதோடு நின்றுவிட்டது.

கண்டக்டரக்கா படியிறங்கும்போது, “நீ ஏதோ முழுங்கிட்டே இருக்கியே, என்னது?” என்று கேட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

நேற்று பரிசோதனைக் கூடத்தில் இரண்டு கையிலும் டப்பாவை வைத்துக்கொண்டு, நம் வீட்டில் அம்மா செய்கிற மாதிரி இடது காலால் பின்பக்கமாகக் கதவை உதைத்துத் திறந்தேன். அந்தப் பக்கம் மேலாளர் நின்றிருந்தார். நல்லவேளை, அவர் கையில் டீ இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், அவள் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

உங்கள் மருமகள்

ஜூலை 15

அன்பு மருமகளுக்கு,

இங்கே நலம். கதவு விஷயத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. ஆனால் மெஷினை நிறுத்திவிட்டு, “அந்தச் சங்கத்துல வேற என்ன பேசினாங்களாம்?” என்று கேட்டாள். அவள் இதையெல்லாம் கேட்கிற ஆளா? எனக்கே ஆச்சரியம்.

சண்டைப் பயிற்சியாளராம், மச்சானாம்! அடுத்த வாரம் எழுந்து நில். கால் நடுங்கினால் நாற்காலியைப் பிடித்துக்கொள். மாட்டுக்கே நாலு கால் இருந்தும் நடுங்கத்தான் செய்தது.

உன் மாமா

ஜூலை 29

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நான் நலத்துக்கும் மேலே. பேசிவிட்டேன்!

கண்டக்டரக்கா என் பெயரை அவராகவே கொடுத்துவிட்டார். எழுந்தேன். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. “சத்தமா!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தியபோது கோபம் வந்தது. கோபத்தில் குரலும் வந்தது. தும்முகிற கப்பல் அபத்தம்தான், கட்டிலாக நடிப்பதும் அபத்தம்தான், ஆனால் அவை யோசித்துச் செய்த அபத்தங்கள் என்றேன். ஒரு மாடு கதையை மீறிக் கதாநாயகனை உதைக்கிறது, அவர் எழுந்து வந்து அதே மாட்டுக்கு முதல் பரிசு கொடுக்கிறார், அதற்கப்புறம் படத்தில் ஒருவர்கூட அந்த உதையைப் பற்றிப் பேசுவதில்லை, இதைவிடப் பெரிய அபத்தம் உண்டா என்று கேட்டேன். கடைசியில், “அந்தப் பின்னங்கால் எங்க மாமாதான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கப்பலைவிட மூன்று ஓட்டு அதிகம். நம் மாடு ஜெயித்தது. டாக்டரே வந்து கை கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு சின்னச் சிக்கல். டாக்டரிடம் படத்தின் கேசட் இருக்கிறது. உதையை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். மாமா, உதைப்பது இடது கால். எத்தனை முறை ஓட்டினாலும் இடது கால்தான். நீங்கள் வலது கால் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படியே சொல்லியிருந்தேன். “மாமாவுக்கு இடம் வலம் குழப்பம் உண்டோ?” என்று மெக்கானிக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது.

இத்தனை வருடம் ஆயிற்று, மறந்திருக்கும், இல்லையா? உடனே ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

ஆகஸ்ட் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதில் வரவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே?

படம் போடுகிற நாள் குறித்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசி ஞாயிறு. ரப்பர் வருவதாக அவரே டாக்டரிடம் போனில் சொன்னாராம். சங்கத்தில் எல்லாரும் என்னை இப்போது ‘பின்னங்கால் மருமகள்’ என்கிறார்கள். கம்பெனியிலும் பரவிவிட்டது. மேலாளர்கூட டிக்கெட் கேட்டார். நான் பேசுகிறேன் மாமா. சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சுற்றி நாலு பேர் உட்காருகிறார்கள்.

அந்த இடது கால்தான் உறுத்துகிறது. எழுதுங்கள்.

உங்கள் மருமகள்

செப்டம்பர் 2

அன்பு மருமகளுக்கு,

எல்லாரும் நலம். கடையில் வேலை அதிகம்.

ரப்பரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். பெரிய மனிதர், வயதானவர். வேறு நல்ல கேள்வியாகக் கேள். எப்படி உடம்பை வளைக்கிறார் என்று கேட்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

செப்டம்பர் 7

மாமாவுக்கு,

நலம்.

எப்படி வளைக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அது பற்றிப் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது.

நான் வாழ்க்கையிலேயே முதல்முறையாக எழுந்து நின்று சத்தமாகச் சொன்னது ஒரே ஒரு விஷயம். அது பொய் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன். போய் எல்லாரிடமும் நானே சொல்லிவிடுகிறேன். மறுபடியும் கடைசி நாற்காலிக்குப் போய்விடுவேன், அவ்வளவுதான். ஆனால் காரணம் சொல்லாமல் கேட்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி.

உங்கள் மருமகள்

செப்டம்பர் 16

அன்பு மருமகளுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி நாற்காலி என்று நீ எழுதிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மறுபடியும் அதே வரியைப் படிக்கச் சொன்னாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

அப்புறம் சொன்னாள், “கேக்கட்டும்டா. நீ குறுக்க நிக்காத.”

நான் வேறொன்றும் எழுதுவதற்கில்லை. வாக்குக் கொடுத்தவன் நான். நீ கேள். நன்றாக நிமிர்ந்து நின்று கேள்.

உன் மாமா

செப்டம்பர் 29

அன்புள்ள மாமாவுக்கும் அம்மாவுக்கும்,

இரண்டு பேரும் நலமா என்று கேட்க மாட்டேன். இரண்டு பேரும் இத்தனை வருடம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்றுதான் கேட்பேன்!

மாமா, இதைச் சத்தமாக வாசியுங்கள். அம்மா, மெஷினை நிறுத்து.

தியேட்டர் நிறைந்துவிட்டது. ரப்பர் கைத்தடியோடு வந்தார். சுருங்கிப்போயிருந்தாலும் படியேறும்போது வேண்டுமென்றே காலை ரப்பராக வளைத்துக் காட்டினார். கூட்டம் அலறியது. படம் ஓடியது. உதை வந்தபோது ஜனங்கள் நாற்காலியைத் தட்டினார்கள். அவர் மட்டும் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

விளக்குப் போட்டதும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கண்டக்டரக்கா முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். மைக்கைப் பிடித்தேன். “சார், மாட்டோட பின்னங்கால் யாரு?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே முடியவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். “அந்தப் பொண்ணா?” என்றார்.

டாக்டரும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பின்னங்காலுக்கு உள்ளூர்ப் பையன் ஒருவனை ஏற்பாடு செய்திருந்தார்களாம். தோலுக்குள் விட்டு மூடியதும் இருட்டைக் கண்டு மயக்கம் போட்டு விழுந்துவிட்டானாம். (மாமா, வாசிப்பதை நிறுத்தக் கூடாது.) வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தோலைத் தைத்துக் கொடுத்த பெண், அவனுடைய அக்கா, பக்கத்தில் நின்றிருந்தாளாம். “நான் போறேன், சீக்கிரம் எடுங்க” என்று உள்ளே நுழைந்துவிட்டாளாம். ஆனால் வால் நிற்கவில்லை. தைத்தால் அறுந்து விழுகிறது, கட்டினால் கழன்று விழுகிறது. கடைசியில் அவளே தன் நீளப் பின்னலை ஓட்டை வழியாக வாலுக்குள் விட்டு முடிந்துகொண்டாளாம்.

“எங்கிட்ட யாரும் சொல்லலை” என்றார் ரப்பர். “பொய் வாலுன்னு நெனச்சு ஆசை தீர இழுத்தேன். உள்ளேருந்து ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம். கண்ணைத் தொறந்தா தொட்டியில கெடக்கேன். எழுந்து வந்து, என்னம்மா இப்படி உதைச்சுட்டியேன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு தலையை வெளியே நீட்டி, ‘வாலை இழுக்கச் சொன்னாங்க, பிடுங்கச் சொல்லலை’ன்னுச்சு. மன்னிப்பெல்லாம் கேக்கலை. என் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல காமெடியெல்லாம் அந்த ஒரு உதைக்குக் கீழதான்.”

கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு தூரத்தில் கேட்டது. இடது காலால் உதைபடுகிற நம் சமையலறைக் கதவு கண்ணில் வந்தது. மெஷின் சத்தம் காதில் வந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின்னல் போடாமல் இறுக்கிக் கொண்டை போடுகிற ஒருத்தி வந்தாள்.

“அது எங்க அம்மா சார்” என்றேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார், கைத்தடி இல்லாமல். “இன்னும் எம்மேல கோவமா இருக்காங்களா?” என்று கேட்டார்.

யோசிக்கவே இல்லை. மனசுக்குள் எழுதிப் பார்க்கவும் இல்லை. “தெரியலை சார். ஆனா இன்னும் கொண்டைதான் போடறாங்க” என்றேன்.

அம்மா, தியேட்டர் சிரித்தது. நான் சொன்னதற்கு. மெக்கானிக் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார். “மாமான்னு சொன்னியே!” என்றார் டாக்டர். ரத்தம் ஒன்றுதானே என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு உனக்காக மறுபடியும் அந்தப் படத்தைப் போடுகிறார்களாம். வருவாயா?

உங்கள் மகளும் மருமகளும் ஆனவள்

அக்டோபர் 4

கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான் நலம். கண்ணாடி மாற்றிவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உன் மாமா வாசித்தான். மயக்கம் போட்ட இடத்தை முழுங்கப் பார்த்தான். கடிதத்தைப் பிடுங்கி நானே படித்தேன்.

எங்கள் அப்பாவுக்கு நான் வெளியே போய்த் தைப்பதே பிடிக்காது. சினிமாக்காரர்களோடு மாட்டுக்குள் நின்றேன் என்று தெரிந்தால் மெஷினையே தூக்கி யாருக்காவது கொடுத்திருப்பார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே உன் மாமா, “நான்தான் நின்னேன்னு சொல்றேன், நீ கவலைப்படாதக்கா” என்று வாக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து அவன் பின்னங்கால். அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்தப் பெயர் அவன் மேல் ஒட்டிப்போய்விட்டது. நடுத்தெருவில் நின்று அந்தக் கால் என்னுடையது என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் ஒன்று. அவன் வலது கால் வலது கால் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உதைத்தது நான். அதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

நேற்று சலூனுக்குப் போய் நானே சொல்லிவிட்டேன். சலூன்காரர் எழுந்து நின்று, “அப்ப இத்தனை வருஷமா தப்பான ஆளைக் கிண்டல் பண்ணிட்டு இருந்தோமா?” என்றார். இனி என்னைப் பண்ணுங்கள் என்றேன். பயந்துவிட்டார்.

நீ கடைசி நாற்காலிக்குப் போகிறேன் என்று எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னை மாதிரி நீயும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கவா படிக்க வைத்தேன்?

நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். உன் மாமாவுக்குத் தியேட்டர் இருட்டு ஒத்துக்கொள்ளாது. கதவோரமாக ஒரு இடம் பிடித்துவை. கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

எனக்கு நடுவில் ஒரு இடம் வேண்டும். மறைக்காமல் இருக்க வேண்டும். அந்தக் காட்சியை நான் இதுவரை பார்த்ததே இல்லை. டிவியில் வந்தால், தலையைத் தூக்கினால் என் முகத்தை நீங்கள் பார்த்துவிடுவீர்களோ என்று மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு உள்ளே எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவருடைய இடுப்புக் கயிறுதான். உதைத்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் உள்ளேயே சிரித்தேன். அது யாருக்கும் தெரியாது.

ரப்பர் சாரிடம் கோபம் இல்லை என்று சொல். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்.

பின்னல் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அம்மா